தாவரம் எந்த இடத்தில் வளர்கிறது?

(தரம் 10, 11 மாணவர்களுக்கானது: தாவர வளர்ச்சியும் வீட்டுத்தோட்டமும்)

வேலியோரத்தில் நிற்கும் பூவரச மரமொன்றில் நிலத்திலிருந்து 1 மீற்றர் உயரத்தில் ஆணி ஒன்று அடிக்கப்படுகிறது. மரம் ஆண்டுக்கு அரை மீற்றர் வீதம் உயருமாயின் 6 ஆண்டுகளின் பின்னர் ஆணி எவ்வுயரத்தில் காணப்படும்? வகுப்பில் இவ்வினாவைக் கேட்டால் 4 மீற்றர் எனப் பலர் விடை கூறுவர். சரியான விடை 1 மீற்றரே.

ஆடு, மாடு உடல் முழுவதும் வளர்வதுபோலத் தாவரம் வளர்வதில்லை. அதில் புதிய கலங்கள் தோன்றுவது பிரியிழையங்களிலாகும். தண்டின் நுனியிலும் வேரின் நுனியிலும் உள்ள உச்சிப் பிரியிழையங்கள் நீளத்தைக் கூட்டுகின்றன. இருவித்திலை மரங்களின் காழுக்கும் உரியத்துக்கும் இடையிலுள்ள மாறிழையம் தடிப்பைக் கூட்டுகின்றது. எனவே ஆணி அதே உயரத்தில் நிற்க, மரம் பருத்து அதனை மெல்ல மூடிவிடும். பழைய வேலிகளில் முட்கம்பி மரத்தினுள் புதைந்திருப்பதை நீங்களும் அவதானித்திருப்பீர்கள்.

இந்த ஓர் உண்மையை விளங்கிக்கொண்டால் வீட்டுத்தோட்ட வேலைகள் பலவற்றுக்குக் காரணம் கூறலாம். முனையரும்பில் உற்பத்தியாகும் ஓட்சின் எனும் ஓமோன் கீழிறங்கி, இலைக் கக்கங்களிலுள்ள அரும்புகளின் வளர்ச்சியைத் தடுக்கிறது. இதுவே உச்சியாட்சி எனப்படும். முருங்கைக் கன்று சுமார் 1 மீற்றர் உயர்ந்ததும் நுனியை வெட்டிவிட்டால் அத்தடை நீங்கிக் கக்கவரும்புகள் கிளைகளாகும். காயும் கைக்கெட்டும் உயரத்தில் கிடைக்கும். கங்குன் கீரையை வேரோடு பிடுங்காமல் அடியில் இரண்டு மூன்று கணுக்களை விட்டு வெட்டுவதும் இதற்காகவே. ஆனால் தென்னையில் இவ்வேலை செய்யமுடியாது. அதற்கு உள்ளது ஒரேயொரு வளர்முனை. கருவண்டு குருத்தைத் துளைத்து அம்முனையையும் அழித்துவிட்டால் மரமே பட்டுப்போகும்.

வேரின் நுனியைப் பற்றி மாணவர் அதிகம் சிந்திப்பதில்லை. நீரையும் கனியுப்பையும் பெருமளவில் அகத்துறிஞ்சுவன வேர்நுனிக்குச் சற்றுப் பின்னால் உள்ள வேர்மயிர்களாகும். இவை மிக மென்மையானவை. கத்தரி, மிளகாய் நாற்றுக்களைப் பிடுங்கும்போது பெருமளவு வேர்மயிர்கள் அறுந்துபோகின்றன. இலைகளோ முன்போலவே ஆவியுயிர்ப்பால் நீரை இழந்துகொண்டிருக்கும். வரவு குறைந்து செலவு குறையாத இந்நிலையே நாற்று வாடக் காரணம். ஆகவே பிடுங்குவதற்கு முன் நாற்றுமேடையை நன்கு நனைத்து மண்ணோடு எடுத்தல் வேண்டும். மாலை வேளையில் நட்டு, சில நாட்களுக்கு வாழைமடலால் நிழல் கொடுத்தல் வேண்டும். வன்மைப்படுத்தல், அதாவது நடுகைக்கு ஒரு வாரம் முன்பிருந்தே நீரைப் படிப்படியாகக் குறைத்து வெயிலைக் கூட்டுதல், பரீட்சைக்குரிய சொல் மட்டுமன்று. அதனைச் செய்யாதவர் தோட்டத்தில் நாற்றுக்குப் பதில் வெறும் குழிகளே மிஞ்சும்.

பயிர் வளர வளர வேர்நுனிகள் தண்டைவிட்டு அகன்று செல்கின்றன. தண்டின் அடியில் மாத்திரம் ஒரு வாளி நீரை ஊற்றுவதால் பயன் குறைவு. சுற்றிவர ஊற்றினால் நீர் வேர்மயிர்களைச் சேரும். உரத்தையும் தண்டோடு ஒட்டாமல் சற்றுத் தள்ளி வட்டமாக இட்டு மண்ணால் மூடுதல் நன்று. யூரியா மிகையானால் மண்ணீரின் செறிவு கூடி, பிரசாரணத்தால் வேரிலிருந்து நீர் வெளியேறும். நனைந்த மண்ணிலேயே பயிர் வாடும். மறுபுறம், எப்போதும் நீர் தேங்கி நின்றால் வேர் சுவாசிக்க ஒட்சிசன் கிடையாது. கிணற்றுநீரை நம்பிய யாழ்ப்பாணக் குடாநாட்டில் நீர் எங்கே, எவ்வளவு என்பது சிறிய விடயமன்று.

இலை மஞ்சளாவதைக் கண்டதும் உரப்பையைத் தேடுபவர் பலர். முதலில் எந்த இலை மஞ்சளானது என்று பாருங்கள். நைதரசன் போதாவிடின் தாவரம் முதிர்ந்த இலைகளிலிருந்து அதனை எடுத்து வளர்முனைக்கு அனுப்பும். ஆகவே அடியிலைகள் முதலில் மஞ்சளாகும். இரும்பு அவ்வாறு எளிதில் இடம்பெயராததால் அதன் குறைபாடு இளம் இலைகளில், நரம்பு பச்சையாக இருக்க இடைப்பகுதி வெளிறித் தோன்றும். சுண்ணாம்பு மிகுந்த கார மண்ணில் இரும்பு இருந்தும் வேருக்குக் கிட்டாது. அங்கே யூரியா போடுவது வீண்செலவு. 2021 மே மாதம் இரசாயன உர இறக்குமதி தடைசெய்யப்பட்டபோதும், 2022இல் மரக்கறி விலை ஏறியபோதும் வீட்டுத்தோட்டத்தை நம்பிய குடும்பங்களுக்கு இந்த வேறுபாடு பெறுமதியானதாக இருந்தது.

இப்பகுதியில் வரும் வினாக்களுக்கு விடையெழுதும்போது செய்முறையை மாத்திரம் எழுதிவிட்டு நிறுத்தவேண்டாம். “மாலையில் நடுதல் வேண்டும்” என்பது அரைவிடை; “வெப்பம் குறைந்து ஆவியுயிர்ப்புக் குறைவதால்” என்பதையும் சேர்த்தால்தான் விடை நிறைவுறும்.

பயிற்சி வினா: மாமரமொன்றின் அடிமரத்தில் ஆடு பட்டையை முழுச் சுற்றாக உரித்துத் தின்றுவிட்டது. இலைகள் சில வாரங்கள் பசுமையாக இருந்தன. பின்னர் மரம் படிப்படியாகப் பட்டுப்போனது. இலைகள் உடனே வாடாமைக்கும் மரம் பின்னர் இறந்தமைக்கும் தனித்தனியே காரணம் தருக. (குறிப்பு: உரித்த பட்டையோடு போனது எவ்விழையம், மரத்தில் எஞ்சியது எவ்விழையம் எனச் சிந்திக்க.)