வெல்டு விட்ட செல்கள்: சி.இ.ஏ. ரிப்போர்ட்டைப் படிப்பது எப்படி?

நம்ம ஓசூர் சிப்காட்டில் டிரெய்னிங் போனவங்களுக்கு ஸ்பாட் வெல்டிங் தெரிந்திருக்கும். புள்ளி பலமாக இருக்கும் வரை தகடு நகராது. உடம்பிலும் செல்லோடு செல்லைப் பிடித்து வைக்கும் புள்ளிகள் உண்டு. அவைதான் செல் ஒட்டு மூலக்கூறுகள்.

இதை ஏன் படிக்கணும்? எங்க தெருவில் ஒரு அண்ணன், ஷிஃப்ட் வேலை. மலத்தில் ரத்தம் வந்ததை மூலம்தான்னு நினைச்சு மாதக்கணக்கில் கைமருந்து சாப்பிட்டார். ரத்தப் பரிசோதனையில் 'சி.இ.ஏ. நார்மல்' என்று வந்ததும் நிம்மதியாகிவிட்டார். கடைசியில் அத்திப்பள்ளி தாண்டி பெங்களூர் போய் கொலோனோஸ்கோபி செய்தபோதுதான் பெருங்குடலில் கட்டி இருப்பது தெரிந்தது. ரிப்போர்ட் பொய் சொல்லவில்லை. அதனிடம் கேட்ட கேள்விதான் தப்பு.

ஈ-கேடெரின்

குடலின் உள்சுவரில் வரிசையாக நிற்கும் செல்களைக் கோர்ப்பது இந்தப் புரதம். கால்சியம் இல்லாவிட்டால் பிடி தளரும். செல்லுக்குள் இதன் வாலோடு பீட்டா-கேட்டனின் இணைந்திருக்கும். பெரும்பாலான பெருங்குடல் புற்றுநோய்களில் ஏ.பி.சி. ஜீன் பழுதாகி, பீட்டா-கேட்டனின் உட்கருவில் குவிந்து, செல் பெருகும் ஜீன்களை முடுக்கிவிடுகிறது. பயாப்ஸித் துண்டில் சாயமேற்றிப் பார்க்கும்போது கட்டியின் ஓரத்தில் ஈ-கேடெரின் குறைந்திருந்தால், செல்கள் கழன்று பரவும் வாய்ப்பு அதிகம்.

சி.இ.ஏ.

1965-ல் கனடாவின் மெக்கில் பல்கலைக்கழகத்தில் பில் கோல்டும் சாமுவேல் ஃப்ரீட்மனும் கண்டறிந்தது. இதுவும் ஒட்டு மூலக்கூறுதான். நல்ல செல்லில் இது குடலின் உள்பக்கம் பார்த்து நிற்கும். கழன்றால் மலத்தோடு போய்விடும். புற்றுநோயில் செல்லின் மேல்-கீழ் ஒழுங்கு குலைவதால் ரத்தத்தில் கலக்கிறது.

மில்லிக்கு 5 நானோகிராம் தாண்டினால் டாக்டர்கள் கவனிப்பார்கள். ஆனால் புகைபிடிப்பவருக்கும் கல்லீரல் கோளாறு உள்ளவருக்கும்கூட இது ஏறும். ஆரம்பக்கட்டப் புற்றுநோயில் பலருக்கு ஏறவே ஏறாது. ஆகவே நோய் இருக்கா, இல்லையா என்று கேட்க இது சரியான டெஸ்ட் இல்லை.

அப்போ எதற்கு? கண்ட்ரோல் சார்ட் மாதிரி, தொடர்ந்து பார்க்க. ஆபரேஷனுக்கு முன்பே அதிகமாக இருந்தால் நோய் திரும்பும் அபாயம் கூடுதல். கட்டியை முழுசா எடுத்தால் சில வாரங்களில் அளவு இறங்கும். பிறகு 3 முதல் 6 மாதத்துக்கு ஒருமுறை பார்ப்பார்கள். இறங்கினது மறுபடி ஏறினால் உடனே ஸ்கேன்.

எப்கேம்

கழன்று ரத்தத்தில் சுற்றும் புற்றுச் செல்களைப் பிடிக்க இது ஒரு கொக்கி. இரும்புத் துகள் ஒட்டிய ஆன்டிபாடி எப்கேமைப் பிடிக்கும், காந்தம் செல்லை இழுக்கும். நோய் பரவிய நிலையில் உள்ளவருக்கு 7.5 மில்லி ரத்தத்தில் 3 அல்லது அதற்கு மேல் செல்கள் இருந்தால், நோய் கடுமையாகப் போகும் என்பதற்கு அறிகுறி.

அண்ணனுக்கு ஆபரேஷன் முடிந்துவிட்டது. கட்டி இருந்தபோதே அவருக்கு சி.இ.ஏ. ஏறவில்லை, அதனால் அவருக்கு ஸ்கேனும் கொலோனோஸ்கோபியும்தான் காவல்.

வீட்டில் யாருக்காவது மலத்தில் ரத்தம், காரணமில்லாத ரத்தசோகை, எடைக் குறைவு, மலம் போகும் பழக்கத்தில் மாற்றம் இருந்தால், "மூலம்தான்" என்று நாமே முடிவு செய்ய வேண்டாம். டாக்டரிடம் கூட்டிட்டுப் போங்க. நார்மல் என்ற ஒரு நம்பரை நம்பி வீட்டில் உட்காராதீங்க.