பினாங்கில் ஒரே ஒரு நாள்: மலையா, தெருவா?

“மாமா, கையில் ஒரு நாள்தான் இருக்கு. கொடிமலைக்குப் போகவா, டவுனைச் சுத்தவா?”

ஈப்போவில் படிக்கும் என் அக்கா மகள் போன விடுமுறையில் கேட்டது இது. கூட வருவதாகச் சொன்ன தோழிகள் கடைசியில் வரவில்லை. தனியாகத்தான் வரப்போகிறாள். கையில் அளவான காசு, காலை எட்டு முதல் இரவு எட்டு வரை நேரம். சிங்கப்பூரிலும் சென்னையிலும் படிக்கிற பிள்ளைகள் கேட்பதும் இதையேதான். ஜார்ஜ் டவுனில் வளர்ந்தவன் என்ற உரிமையில் பதிலை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். முதல்முறை வருகிறீர்கள், துணைக்கு ஆளில்லை என்றால் தெருவுக்குப் போங்கள். மலை அடுத்த முறைக்கு இருக்கட்டும். இரண்டையும் ஒரே நாளில் திணித்தால் இரண்டுமே அரைகுறையாகப் போகும்.

மலை அழகில்லை என்று சொல்லவில்லை. கொடிமலையின் உயரம் 833 மீட்டர். 1923இல் வந்த மலை ரயிலை 2011இல் புதுப்பித்தார்கள். சில நிமிடங்களில் மேலே கொண்டுபோய் விட்டுவிடும். கீழே வெயில் கொளுத்தும்போது மேலே சிலுசிலுவென்று காற்று. உச்சியில் முருகன் கோயில் ஒன்று, பக்கத்திலேயே பள்ளிவாசல் ஒன்று. ஆனால் நேரக் கணக்கைப் பாருங்கள். படகுத்துறையிலிருந்து 204ஆம் எண் பஸ் கொம்தார் பஸ் நிலையம் வழியாக ஆயர் ஈத்தாம் போய் அடிவாரத்தை அடையவே முக்கால் மணி, ஒரு மணி நேரம் ஆகிவிடும். பள்ளி விடுமுறையென்றால் ரயிலுக்கு வரிசை தனி. மேலே மேகம் இறங்கிவிட்டால் வெண்புகையைத் தவிர ஒன்றும் தெரியாது. மலேசியர் அல்லாதவர்களுக்கு டிக்கெட் விலையும் அதிகம்.

இன்னொன்றும் உண்டு. உச்சியில் நின்று பாலத்தையும் கடலையும் பார்த்ததும் பக்கத்தில் இருப்பவரின் கையைப் பிடித்து “அங்கே பாரு” என்று காட்டத் தோன்றும். தனியாகப் போனவருக்கு அந்த இடத்தில் ஒரு வெறுமை வரும். தெரு அப்படிச் செய்யாது, பேச ஆள் கொடுத்துவிடும். தமிழ் தெரிந்தவருக்கு இன்னும் அதிகமாகவே கொடுக்கும்.

யார் மலையைத் தேர்ந்தெடுக்கலாம்? ஏற்கெனவே டவுனைப் பார்த்தவர்கள், இங்கேயே யுஎஸ்எம் பல்கலைக்கழகத்தில் படிக்கிறவர்கள், பரீட்சை முடிந்து யாரோடும் பேசாமல் நாலு மரத்தைப் பார்த்தால் போதும் என்றிருப்பவர்கள். அவர்கள் மலையோடு டவுனைச் சேர்க்காமல் அதே ஆயர் ஈத்தாமில் உள்ள கெக் லோக் சி கோயிலைச் சேர்த்துக்கொள்ளட்டும். 1930இல் கட்டி முடித்த அதன் அடுக்குக் கோபுரத்துக்கு அடிப்பாகம் சீனம், நடுப்பாகம் சயாம், முடி பர்மா. அண்ணாந்து பார்த்தால் மூன்று ஊரும் தனித்தனியாகத் தெரியும். முதலில் மலை, பிறகு கோயில் என்று வைத்துக்கொள்ளுங்கள். மேகமும் மழையும் பெரும்பாலும் பிற்பகலில்தான் வரும்.

நம்மவர்களுக்கு மூன்றாவதாக ஒரு வழியும் உண்டு: தண்ணீர்மலை. படகுத்துறையிலிருந்து தாவரத் தோட்டம் வரை போகும் 10ஆம் எண் பஸ்ஸில் போகலாம். பஸ் அடிக்கடி வராது, அதைக் கணக்கில் வைத்துக்கொள்ளுங்கள். பாலதண்டாயுதபாணி கோயிலுக்கு 513 படிகள். காலை எட்டரைக்குள் ஏறிவிட்டால் மூச்சும் வாங்காது, கல்லும் சுடாது. வழியில் செட்டியார் கோயில், அப்பால் 1884இல் தொடங்கிய தாவரத் தோட்டம். மூன்றும் சேர்ந்து அரை நாள். நடக்கப் பிடித்தவர்கள் காலையில் இதை முடித்து, பிற்பகலில் டவுனுக்கு வரலாம். மலை ரயிலைப்போல முழு நாளையும் இது விழுங்காது. தைப்பூச சமயத்தில் வருகிறவர்களுக்கு மட்டும் தேர்வு என்ற பேச்சே இல்லை. பினாங்கு ஸ்ட்ரீட்டில் நகரத்தாரின் கோயில் வீட்டிலிருந்து புறப்படும் வெள்ளி ரதத்தின் பின்னால் நடங்கள். மற்றதெல்லாம் எங்கும் போய்விடாது.

இனி தெரு.

முதலில் வந்து சேரும் வழி. பாலத்தின் மேல் பஸ்ஸில் வந்தால் சுங்கை நிபோங்கில் இறங்கி இன்னொரு பஸ் பிடிக்க வேண்டும். ரயிலில் பட்டர்வொர்த் வந்தால் நிலையத்துக்குப் பக்கத்திலேயே ஃபெரி. நேரம் சற்றுக் கூடினாலும் ஃபெரியில் வாருங்கள். நாகப்பட்டினத்திலிருந்து கப்பலேறி வந்த நம் பாட்டன் பூட்டன்கள் இந்தத் தீவை முதலில் பார்த்தது கடலிலிருந்துதான். கால் மணி நேரப் பயணத்தில் பழைய கட்டடங்களின் வரிசை கொஞ்சம் கொஞ்சமாகப் பெரிதாகி வரும். இறங்கினால் வெல்ட் கீ. அங்கிருந்து நீங்கள் பார்க்க வேண்டிய எல்லாமே நடக்கிற தூரம்தான்.

நடப்பதா, சைக்கிளா, திரிஷாவா, இலவச கேட் பஸ்ஸா? நடங்கள். இங்குள்ள கடைவீடுகளின் முன்னால் அஞ்சடி என்று ஒரு நடைபாதை இருக்கிறது, மேல்மாடி அதற்குக் கூரை. வெயிலும் மழையும் தலையில் படாமல் தெரு முழுக்க நடந்துவிடலாம். சில இடங்களில் மோட்டார்சைக்கிளோ கடைச் சாமானோ வழியை அடைத்திருக்கும். அங்கே மட்டும் ரோட்டில் இறங்கி ஏற வேண்டும். அப்போது பையைச் சுவர்ப் பக்கத் தோளில் மாட்டிக்கொள்ளுங்கள், மோட்டாரில் வந்து பறித்துக்கொண்டு போகிறவர்கள் உண்டு. கேட் பஸ் கால் வலித்த பிறகு கொம்தாருக்குப் போக உதவும். திரிஷா இரண்டு பேருக்கு நல்லது. ஏறுவதற்கு முன்னால் காசைப் பேசிக்கொள்ளுங்கள்.

காலை நேரத்தைப் பிட் ஸ்ட்ரீட்டுக்கும் குவீன் ஸ்ட்ரீட்டுக்கும் கொடுத்துவிடுங்கள். பிட் ஸ்ட்ரீட்டின் இன்றைய பெயர் ஜாலான் மஸ்ஜிட் கப்பித்தான் கெலிங். 2008 ஜூலை 7ஆம் தேதி மலாக்காவோடு சேர்த்து ஜார்ஜ் டவுனை யுனெஸ்கோ உலகப் பாரம்பரிய நகரமாக அறிவித்தபோது எதைப் பார்த்து அறிவித்தார்கள் என்று இந்த ஒரு தெருவில் புரிந்துவிடும். மேல்முனையில் செயின்ட் ஜார்ஜ் தேவாலயம். 1818இல் கட்டி முடித்தது, வெள்ளைத் தூண்கள், முன்னால் புல்தரை. கட்டிய கைகள் இந்தியாவிலிருந்து கொண்டுவரப்பட்ட கைதிகளுடையவை. அடுத்து சீனர்களின் கருணைத் தெய்வமான குவான் யின் கோயில். ஊதுபத்திப் புகை தெருவரைக்கும் வந்து கண்ணைக் கரிக்கும். இன்னும் கொஞ்சம் நடந்தால் நம் மகாமாரியம்மன் கோயில்.

இங்கே பலர் ஒரு தவறு செய்கிறார்கள். பிட் ஸ்ட்ரீட்டில் தெரிவது கோயிலின் பின்பக்கம். அதைப் படமெடுத்துக்கொண்டு போய்விடுகிறார்கள். சுற்றிக்கொண்டு குவீன் ஸ்ட்ரீட்டுக்கு வாருங்கள், வாசலும் கோபுரமும் அங்கேதான். 1833இல் கட்டிய கோயில், பினாங்கிலேயே பழைய இந்துக் கோயில். பிரமாண்டமாக எதையும் எதிர்பார்க்காதீர்கள். இரண்டு பக்கமும் கடைகள், நடுவில் குறுகலாக ஒரு கோபுரம். காலை எட்டு மணிக்குப் போனால் பூக்கட்டுகிற அக்கா வாழைநாரை நனைத்து வைத்துக்கொண்டு உட்கார்ந்திருப்பார். விரல்கள் மல்லிகையைத் தொடுத்துக்கொண்டே இருக்கும், கண் தெருவில் இருக்கும். “எங்கேர்ந்தும்மா வர்றே, தனியாவா வந்தே?” என்று கேட்பார். பதில் சொல்லுங்கள், அவசரப்படாதீர்கள். எந்தக் கடையில் தோசை நன்றாக இருக்கும், எந்தப் பக்கம் இன்று கூட்டம் என்று கைப்பேசி சொல்லாததை அந்த இரண்டு நிமிடப் பேச்சு சொல்லிவிடும். உச்சி வேளையில் நடை சாத்திவிடுவார்கள் என்பதால்தான் இதைக் காலையில் வைக்கச் சொல்கிறேன்.

மறுபடி பிட் ஸ்ட்ரீட்டுக்கு வந்தால் அதன் கீழ்ப்பக்கம் கப்பித்தான் கெலிங் பள்ளிவாசல். 1801இல் தொடங்கியது. பரங்கிப்பேட்டையிலிருந்து வந்த காதர் மைதீன் என்ற தமிழ் முஸ்லிம் வணிகர், இங்குள்ள தென்னிந்தியர்களுக்குத் தலைவராக இருந்தவர், அவர் பெயரால் நிற்கிறது. கெலிங் என்ற சொல் இன்று நம் காதில் வசையாக விழும், அன்றைக்கு அது பதவிப் பெயரில் இருந்தது. தொழுகை நேரம் தவிர மற்ற நேரங்களில் உள்ளே விடுவார்கள்; உடை போதாதென்றால் அங்கியும் தருவார்கள்.

அங்கிருந்து சூலியா ஸ்ட்ரீட்டுக்குத் திரும்பி கிங் ஸ்ட்ரீட் முனைக்கு வந்தால் நாகூர் தர்கா. பயண வழிகாட்டிகள் இதற்கு ஒரு வரிதான் ஒதுக்கும். எனக்கோ ஊரிலேயே மனசுக்கு நெருக்கமான இடம் இதுதான். மகான் நாகூர் ஆண்டவர் அடங்கியிருப்பது தமிழ்நாட்டு நாகூரில். இங்கே அடக்கத்தலம் கிடையாது, நினைவு மட்டும். ஊர் திரும்ப முடியாதவர்கள் ஊரின் தர்காவை இங்கே கட்டிக்கொண்டார்கள். 1800களின் தொடக்கத்தில் எழும்பிய சின்னக் கட்டடம், சுவரை ஒட்டிச் சிறு கடைகள். வெளியூரில் விடுதியில் தங்கிப் படிக்கிற பிள்ளைகளுக்கு இந்தக் கட்டடத்தின் அர்த்தத்தை நான் விளக்க வேண்டியதில்லை.

பத்தரை, பதினொன்றுக்கு வெயில் ஏறும். அப்போதுதான் கூரைக்குள் போகிற நேரம், காசு கொடுத்துப் பார்க்கிற இடத்தைத் தேர்ந்தெடுக்கிற நேரம். மூன்று வீடுகள் போட்டிக்கு நிற்கும்: கூ குலத்தாரின் கோயில் வீடான கூ கொங்சி, பெரனக்கான் மாளிகை, சியோங் ஃபாட் சேயின் நீல மாளிகை. மாணவர் ஒன்றை மட்டும் பார்த்தால் போதும், மூன்றுக்கும் கொடுத்தால் சாப்பாட்டுக் காசு போய்விடும். நகை, சீனப் பீங்கான், பழைய கட்டில் அலமாரி என்று பொருள்களில் ஆசையுள்ளவர்கள் சர்ச் ஸ்ட்ரீட்டிலுள்ள பெரனக்கான் மாளிகைக்குப் போகலாம். நீல மாளிகை கட்டடக் கலை படிக்கிறவர்களுக்கு. மற்றவர்களுக்கு என் வாக்கு கூ கொங்சிக்கு. சந்துக்குள் நுழைந்து திரும்பினால் திடீரென்று கல் முற்றம் விரியும், எதிரே கூரை முழுக்கச் சிற்பம். முதலில் கட்டியது 1901இல் தீயில் போய், இப்போது நிற்பதை 1906இல் முடித்தார்கள். வாசல் பக்கம் சீக்கியக் காவலர் சிலை நிற்கிறது, தேடிப் பாருங்கள். சீனர் கோயிலுக்குப் பஞ்சாபிக் காவல். பினாங்கு அப்படித்தான் வளர்ந்த ஊர்.

மதியச் சாப்பாடு. தனியாகச் சாப்பிடக் கூச்சப்படுகிறவர்களுக்கு நாசி கண்டார்தான் சரி. வரிசையில் நின்று, தட்டை வாங்கி, கிடைத்த மேசையில் உட்காரலாம், யாரும் நிமிர்ந்து பார்க்க மாட்டார்கள். துறைமுகத் தொழிலாளிகளுக்காகத் தமிழ் முஸ்லிம்கள் காவடிபோல் தோளில் தூக்கி வந்து விற்ற சோறு இது. கேம்பல் ஸ்ட்ரீட்டிலுள்ள ஹமீதியா 1907லிருந்து நடக்கிறது. வரிசையில் உங்கள் முறை வந்ததும் “குவா சம்பூர்” என்று சொல்லுங்கள். பரிமாறுகிறவர் மீன், கோழி, மாட்டிறைச்சிக் குழம்புகளில் அகப்பையை ஒவ்வொன்றாக முக்கி, ஒன்றன்மேல் ஒன்றாகச் சோற்றில் ஊற்றுவார். “பஞ்சிர்” என்றால் வெள்ளமாகவே ஊற்றுவார். விலை நீங்கள் எடுக்கிற கறியைப் பொறுத்தது. கணவாயும் பெரிய இறாலும் கையைக் கடிக்கும். எடுப்பதற்கு முன் விலை கேட்பதில் வெட்கமில்லை. சைவமென்றால் பினாங்கு ஸ்ட்ரீட் பக்கம் வாருங்கள், வாழையிலைச் சாப்பாடு கிடைக்கும்.

பிற்பகலுக்குச் சுவரோவியங்கள். 2012இல் எர்னஸ்ட் ஜகாரெவிச் வரைந்த, சைக்கிளில் போகும் அக்கா தம்பி ஓவியம் ஆர்மேனியன் ஸ்ட்ரீட்டில் இருக்கிறது. போகிற வழியில் பாருங்கள், அதற்காக வரைபடத்தோடு அலைய வேண்டாம். அதே தெருவில் 120ஆம் எண் வீட்டுக்கு முன்னால் ஒரு நிமிடம் நில்லுங்கள். 1910இல் சுன் யாட்-சென் சீனப் புரட்சிக்குத் திட்டம் போட்ட இடம் அது. கார்ன்வாலிஸ் கோட்டையை, நேரம் நெருக்கினால், விட்டுவிடலாம். அமைதி வேண்டுமென்றால் கள்ளிமந்தாரை மரங்களின் கீழ் பழைய கிறிஸ்தவக் கல்லறைத் தோட்டம் இருக்கிறது. 1786இல் இந்த நகரைத் தொடங்கிய பிரான்சிஸ் லைட் 1794இல் இறந்து அங்கேதான் அடங்கியிருக்கிறார்.

ஐந்து மணிக்கு மேல் கடலோரம் இறங்கி சியூ ஜெட்டிக்குப் போங்கள். கடலுக்குள் மரக்கால் நட்டுக் கட்டிய வீடுகள், ஒரே குலப்பெயர்க்காரர்கள். இன்னும் குடும்பங்கள் வசிக்கின்றன, ஜன்னலுக்குள் கைப்பேசியை நீட்டாதீர்கள். பலகைப் பாதையின் கடைசிவரை நடந்து உட்கார்ந்தால் எதிர்க்கரையில் பட்டர்வொர்த் தெரியும்.

இருட்டியதும் பலர் திரும்பிவிடுவார்கள். நீங்கள் இன்னும் ஒரு மணி நேரம் வைத்துக்கொண்டு மார்க்கெட் ஸ்ட்ரீட்டுக்கு வாருங்கள், நம்மவர்கள் கடைத்தெரு என்று சொல்லும் தெரு. பாட்டுக் கடையில் ஒலிபெருக்கி, புடவைக் கடை வாசலில் “வாங்கம்மா, பாத்துட்டுப் போங்க”, எண்ணெய்ச் சட்டியில் வடை. காலையில் பேசிய பூக்கார அக்கா கடை கட்டாமல் இருந்தால் ஒரு முழம் மல்லிகை வாங்கிக்கொள்ளுங்கள். அங்கிருந்து ஃபெரிக்குப் பத்து நிமிட நடை.

என் அக்கா மகள் அப்படித்தான் போனாள். பட்டர்வொர்த் இறங்கி ரயிலுக்குக் காத்திருந்தபோது செய்தி அனுப்பியிருந்தாள்: “மாமா, மலைக்கு அடுத்த மாசம் அம்மாவைக் கூட்டிட்டு வரேன்.”