மலையூர் விடுதிக்குப் போகும் பிள்ளைக்குச் சில குறிப்புகள்

என் மகன் இமாச்சலப் பிரதேசத்தில், சோலனுக்குப் பக்கத்தில் ஒரு சின்னத் தனியார் பல்கலைக்கழகத்தில் நான்கு வருடம் படித்தான். நாங்கள் ராஜபாளையம். முதல் வருடம் அவனுக்குக் கட்டிய மூட்டைகள் ஏழு. கடைசி வருடம் ஒரு பெட்டியும் தோளில் ஒரு பையும்தான். இந்த ஏழு எப்படி இரண்டானது என்பதைத்தான் கீழே எழுதியிருக்கிறேன். டேராடூன், பாலம்பூர் என்று மலைப்பக்கம் பிள்ளைகளை அனுப்புகிறவர்களுக்கும் பெரும்பாலும் பொருந்தும்.

1. மூட்டை கட்டுவதற்கு முன்னால் இனிஷியலைப் பாருங்கள். வடக்கே எந்தப் படிவத்திலும் பெயருக்கு ஒரு கட்டம், குடும்பப் பெயருக்கு ஒரு கட்டம் இருக்கும். நமக்கு இருப்பதோ ஒற்றை எழுத்து. ஆதாரில் அது முன்னால், மதிப்பெண் பட்டியலில் பின்னால், வங்கிப் புத்தகத்தில் அப்பா பெயராகவே விரிந்து என்று மூன்று விதமாக இருந்தால், பட்டச் சான்றிதழ் வாங்கும் நாள் வரை அந்தத் தொல்லை கூடவே வரும். மதிப்பெண் பட்டியலைத் திருத்துவதுதான் இருப்பதிலேயே கடினம். அதனால் அதில் உள்ளபடியே மற்ற எல்லாவற்றையும் மாற்றிக்கொள்ளுங்கள். நாங்கள் செய்யவில்லை. குடும்பப் பெயர் கட்டத்தில் அவன் அப்பா பெயரை எழுதிவிட்டு வந்தோம். வாத்தியார் முதல் கேன்டீன்காரர் வரை நாலு வருடமும் அந்தப் பெயராலேயே அவனைக் கூப்பிட்டார்கள். போன் செய்தால் அறைத்தோழன் எடுத்து, அவர் பெயரைச் சொல்லி, "குளித்துக்கொண்டிருக்கிறான் ஆன்ட்டி" என்பான். நான் வாய்திறந்து சொல்லாத பெயர் அது!

2. மாநிலப் பாடத்திட்டத்தில் படித்தவர்களிடம் டி.சி.யோடு மைக்ரேஷன் சர்டிபிகேட்டும் கேட்பார்கள். அதைத் தருவது அரசுத் தேர்வுகள் இயக்ககம், பள்ளிக்கூடம் அல்ல. முன்கூட்டியே விண்ணப்பித்துவிடுங்கள். எல்லாச் சான்றிதழையும் பத்து செட் ஜெராக்ஸ் எடுத்து ஊரிலிருந்தே கொண்டுபோவது நல்லது. சின்ன வளாகத்தில் ஒரே ஒரு ஜெராக்ஸ் கடைதான் இருக்கும், அட்மிஷன் நாளன்று அந்த மிஷின் மக்கர் பண்ணும். அசல் சான்றிதழ்களைச் சரிபார்த்துவிட்டுத் திருப்பித் தர வேண்டும், கல்லூரியே வைத்துக்கொள்ளக் கூடாது என்று பல்கலைக்கழக மானியக் குழு 2018 அக்டோபரில் தெளிவாகவே சொல்லியிருக்கிறது. இடையில் விலகினால் கட்டணம் எவ்வளவு திரும்பும் என்பதும் அதே அறிவிப்பில் உண்டு. சேர்க்கையின் கடைசித் தேதிக்கு 15 நாள் முன்னதாகவே விலகினால் பரிசீலனைச் செலவு போக முழுத் தொகையும் வரும். கடைசித் தேதி போய் 30 நாள் தாண்டிவிட்டால் ஒன்றும் வராது. சில வருடங்களில் தனிச் சுற்றறிக்கையும் விடுவார்கள், சேருகிற வருடத்துக்கு உரியதைப் பார்த்துக்கொள்ளுங்கள்.

3. ரயில் முன்பதிவு இப்போது 60 நாளுக்கு முன்புதான் திறக்கிறது. 2024 அக்டோபர் வரை 120 நாளாக இருந்தது. செமஸ்டர் தேதி வந்த அன்றைக்கே காலண்டரில் 60 நாள் பின்னால் எண்ணி, சிவப்புப் பேனாவால் வட்டம் போடுங்கள். தீபாவளிக்கு வருகிற பிள்ளையென்றால் அன்று காலை 8 மணிக்கு வீட்டில் வேறு வேலை எதுவும் வேண்டாம்.

4. சென்ட்ரலில் இரவு 10 மணி வாக்கில் தமிழ்நாடு எக்ஸ்பிரஸ் ஏறினால் மூன்றாம் நாள் காலை டெல்லி. அங்கிருந்து கால்கா. கால்காவிலிருந்து சிம்லா போகிற குட்டி ரயிலில் ஏறினால் சோலன். 1903-ல் திறந்த பாதை, 96 கிலோமீட்டர், யுனெஸ்கோ பாரம்பரியச் சின்னம், சோலன் வருவதற்கு முன்னால் பரோக் என்கிற நீளமான சுரங்கம், எல்லாம் உண்மை. அழகுதான். ஆனால் முதல் பயணத்தில் மூட்டையோடு அதில் ஏறாதீர்கள். பெட்டியே பொம்மை மாதிரி. எங்கள் டிரங்குப் பெட்டியை வைக்க இடமில்லாமல் என் கணவர் மூன்று மணி நேரம் அதன் மேலேயே உட்கார்ந்து வந்தார். முதல் தடவை கால்காவிலிருந்து பஸ்தான் சரி.

5. வழிக்குக் கட்டுச்சோறு: முதல் நாள் காலைக்கு மிளகாய்ப்பொடி தடவிய இட்லி, மதியத்துக்கு எலுமிச்சை சாதம், அன்று இரவிலிருந்து புளிசாதம். தயிர்சாதத்தை நாக்பூர் வெயில் புளிக்க வைத்துவிடும், வேண்டாம்.

6. ஸ்வெட்டரை இங்கே வாங்காதீர்கள். நம்மூர்க் கடைக்காரருக்கும் குளிர் தெரியாது, நமக்கும் தெரியாது. ஜூலை, ஆகஸ்டில் கல்லூரி திறக்கும்போது அங்கே மழைதான். குடையும் சீக்கிரம் காய்கிற துணிகளும் போதும். தெர்மல் உள்ளாடை இரண்டு செட், கம்பளிச் சாக்ஸ், பஞ்சு அடைத்த ரஜாய் எல்லாவற்றையும் அக்டோபரில் சோலன் கடைவீதியில் வாங்கிக்கொள்ளலாம். கூடவே ஒரு மஞ்சப்பையைக் கொடுத்தனுப்புங்கள். இமாச்சலத்தில் பிளாஸ்டிக் பைக்குத் தடை உண்டு.

7. தேங்காய் எண்ணெய் 24 டிகிரிக்குக் கீழே உறைந்துவிடும். அங்கே நவம்பர் முதல் மார்ச் வரை அது கட்டிதான். குறுகிய வாய் பாட்டிலில் கொடுத்தனுப்பினால் கத்தரிக்கோலால் பாட்டிலை வெட்டுவார்கள் (வெட்டினான்). அகன்ற வாய் டப்பாவில் ஊற்றிக் கொடுத்தால் விரலால் வழித்துக்கொள்ளலாம். குளித்த ஈரத்தோடு கைகால்களில் தடவினால் தோல் வெடிக்காது. மற்ற எந்த க்ரீமும் வேண்டாம்.

8. பக்கெட் தண்ணீர் சுடவைக்கும் ராடு வாங்கினால் 1,000 வாட் வாங்குங்கள். விடுதி அறையில் உள்ள சின்ன சாக்கெட் 6 ஆம்பியர், 230 வோல்ட்டில் 1,380 வாட்டுக்கு மேல் தாங்காது. 1,500 வாட் ராடைச் சொருகினால் பிளக் இளகும், பிறகு மாடி முழுக்க இருட்டு. பெரிய பின் சாக்கெட் இருந்தால்தான் 1,500. சுவிட்சை அணைத்து, பிளக்கையும் பிடுங்கிய பிறகுதான் தண்ணீரில் கை வைக்க வேண்டும். இதை ஒரு தடவை சொன்னால் போதாது. விடுதியில் ராடுக்கே அனுமதி இல்லை என்றால், கீசர் ஓடும் நேரத்தைக் கேட்டுக்கொண்டு அதற்கு எழுந்திருக்கப் பழக வேண்டியதுதான்.

9. அங்கே அங்கீட்டி என்று ஒரு கரியடுப்பு வைத்துக் குளிர்காய்வார்கள். வெளித்திண்ணையில் உட்கார்ந்து காயலாம், சுகமாக இருக்கும். கதவைச் சாத்திய அறைக்குள் அதை வைத்துக்கொண்டு ஒருபோதும் தூங்கக் கூடாது. கரி எரிவதில் வரும் கார்பன் மோனாக்சைடுக்கு வாசனையும் கிடையாது, கண்ணுக்கும் தெரியாது. தூக்கத்திலேயே உயிர் போய்விடும். வடக்கே ஒவ்வொரு குளிர்காலத்திலும் இப்படிச் சாகிறவர்கள் உண்டு. பிள்ளை வெளியே அறை எடுத்துத் தங்கினால் இதை வாரம் ஒருமுறை சொல்லுங்கள். தொணதொணப்பு என்று நினைத்தால் நினைக்கட்டும்.

10. சோலனுக்குக் காளான் நகரம் என்று பெயர். தேசியக் காளான் ஆராய்ச்சி நிறுவனமே அங்குதான் இருக்கிறது. முதல் மழைக்காலத்தில் என் மகனின் தோல் ஷூவுக்குள்ளும் ஒரு கிளை திறந்துவிட்டார்கள்! பழைய செய்தித்தாளைக் கசக்கி ஷூவுக்குள் திணித்து, தினம் மாற்றினால் ஈரம் இழுத்துவிடும். அலமாரியில் துணிகளுக்கு நடுவே சாக்பீஸ் நாலைந்தை மெல்லிய துணியில் முடிந்து போடலாம். ஜட்டி, பனியன் எட்டு செட்டாவது வேண்டும். காய நாலு நாளாகும்.

11. குரங்கு. ஜன்னலோரம் எதையும் வைக்கக் கூடாது.

12. இனி சாப்பாடு. மெஸ்ஸில் ராஜ்மா, கடி, ஆலு பரோட்டா, மறுபடி ராஜ்மா. குறை சொல்லக் கூடாது, அது அந்த ஊர்ச் சாப்பாடு, அந்தக் குளிருக்கு ஏற்றது. முதல் வருடம் நான் பன்னிரண்டு வகைப் பொடியும் ஊறுகாயும் கொடுத்தனுப்பினேன். ஒன்பது அப்படியே திரும்பி வந்தன. தீர்ந்துபோனவை மூன்றுதான்.

ஒன்று, புளிக்காய்ச்சல். நல்லெண்ணெய் மேலே ஒரு விரற்கடை மிதக்கும்படி காய்ச்சி, முழுக்க ஆறிய பிறகு பாட்டிலில் அடைத்தால் ஒரு செமஸ்டர் தாங்கும். ஈரக் கரண்டி போடாமல் இருந்தால் சரி. இரண்டு, பருப்புப் பொடி. மெஸ் சாதம் நீளநீளமாக உதிர்ந்து நிற்கும், குழம்புக்கு ஒட்டாது, பொடிக்கும் நெய்க்கும் பாந்தமாக ஒட்டும்.

மூன்றாவது நானே எதிர்பாராதது, ரசப்பொடி. துவரம்பருப்பு, மிளகு, சீரகம், மல்லி, வற்றல் வறுத்து, கடைசியில் அடுப்பை அணைத்துவிட்டு வெறும் வாணலியில் மொறுமொறுவென்று காயவைத்த புளி, கொஞ்சம் பெருங்காயம், உப்பு. எல்லாவற்றையும் நைசாகத் திரித்துச் சலித்துவிட வேண்டும். டம்ளரில் இரண்டு ஸ்பூன் போட்டுக் கெட்டிலில் கொதித்த தண்ணீரை ஊற்றி, ஐந்து நிமிடம் மூடி வைத்தால் தெளிவாக மேலே நிற்கும். ஜனவரி மாதம் சாயங்காலம் ஆறு மணிக்கே இருட்டிவிடும்போது அதை டீ மாதிரி உறிஞ்சிக் குடிப்பானாம். ஹமீர்பூர்க்காரப் பையன் ஒருவன், பாதிநாள் மூக்கடைப்போடு இருப்பவன், தன் டம்ளரோடு வந்து நிற்பானாம். மூன்றாம் வருடத்திலிருந்து அந்தப் பையனுக்கும் சேர்த்துத்தான் திரித்தேன்.

13. கெட்டிலில் பால் காய்ச்சக் கூடாது, அடியில் பிடித்தால் போகவே போகாது. உள்ளே வெள்ளையாக உப்புப் படிந்தால் அரை எலுமிச்சம்பழம் பிழிந்து தண்ணீரோடு கொதிக்கவிட்டுக் கொட்டினால் சுத்தமாகிவிடும்.

14. இரண்டாம் வருடம் வெளியே அறை எடுத்துச் சமைத்தால் சாதம் வேகவில்லை என்று போன் வரும். அரிசியின் குற்றமில்லை. சோலன் சுமார் 1,500 மீட்டர் உயரம், அங்கே தண்ணீர் 95 டிகிரியிலேயே கொதித்துவிடும். திறந்த பாத்திரத்தில் எவ்வளவு கொதித்தாலும் நம்மூர்ச் சூடு ஏறாது. அரிசியை அரைமணி, பருப்பை இரண்டு மணி ஊறவைத்துக் குக்கரில் ஒரு விசில் கூட விடச் சொல்லுங்கள். கேஸுக்கு 5 கிலோ சிலிண்டர் கிடைக்கும். இந்தியன் ஆயில் அதை 'சோட்டு' என்கிறது. அடையாள அட்டை போதும், முகவரிச் சான்று வேண்டாம். கடையோரங்களில் திருட்டுத்தனமாக நிரப்பித் தரும் குட்டி சிலிண்டர் பக்கம் போக வேண்டாம்.

15. தயிர் தோய: பாலை வெதுவெதுப்புக்குக் கொஞ்சம் மேலாகவே சூடு வைத்து, உறை இரு மடங்கு விட்டு, ஹாட்பாக்ஸில் வைத்து ரஜாய்க்குள் சுருட்டிவிட வேண்டும். தோசை மாவுக்கும் இதேதான். உப்பை மாவு பொங்கிய பிறகு போட்டால் சீக்கிரம் புளிக்கும். கறிவேப்பிலைக்குக் கவலையில்லை, அங்கே கடி பத்தா என்று கேட்டால் கிடைக்கும். மலையடிவாரங்களில் அது காடாகவே வளர்கிறது.

16. மழைக்காலத்தில் மண் சரிந்து சாலை அடைபடும். 2023 ஜூலை, ஆகஸ்டில் கால்கா சாலை பல தடவை மூடிக்கிடந்தது, சிம்லா பக்கம் ரயில் தண்டவாளமே அந்தரத்தில் தொங்கியது. அறையில் மூன்று நாளைக்கு அவல், நிலக்கடலை, காய்ச்சல் மாத்திரை, உப்புக்கரைசல் பொட்டலம், சான்றிதழ் ஃபைலுக்குள் ஆயிரம் ரூபாய் ரொக்கம் இருக்கட்டும். மின்சாரமும் சிக்னலும் போனால் ஜிபே நடக்காது.

17. சின்ன இடத்தில் ஒரு சௌகரியம், வார்டனுக்குப் பிள்ளையைப் பெயர் சொல்லித் தெரியும் (எங்கள் விஷயத்தில் அப்பா பெயர்!). வார்டன் நம்பரும் அறைத்தோழன் வீட்டு நம்பரும் நம்மிடம் இருக்க வேண்டும். அசௌகரியமும் அதேதான், ஒருவரோடு மனஸ்தாபம் வந்தால் ஒதுங்கிப்போக வேறு இடம் கிடையாது. சீனியர்கள் அத்துமீறினால் தயங்காமல் கூப்பிட ராகிங் தடுப்பு இலவச எண் 1800-180-5522, இரவும் பகலும் எடுப்பார்கள். அதைப் பிள்ளையின் போனில் நீங்களே பதிந்து கொடுங்கள்.

18. தினமும் "சாப்பிட்டியா" என்று கேட்டால் "ம்" என்றுதான் பதில் வரும். "இன்னிக்கு மெஸ்ல என்ன போட்டாங்க" என்று கேட்டுப் பாருங்கள், பத்து நிமிடம் பேசுவான்.

19. படிப்பு முடிந்து திரும்பும்போது பக்கெட், ராடு, கெட்டில், ரஜாய் எல்லாவற்றையும் ஜூனியர் பிள்ளைகளிடம் விட்டுவிட்டு வரச் சொல்லுங்கள். என் மகன் ரஜாயை மட்டும் விட மனமில்லாமல் ரயிலில் சுமந்து வந்தான். இப்போது அது எங்கள் வீட்டுப் பரணில் கிடக்கிறது. ராஜபாளையத்தில் மார்கழி மாதத்தில்கூட அதை யாராலும் போர்த்திக்கொள்ள முடியாது. இந்த வருடம் மலைப்பக்கம் பிள்ளையை அனுப்புகிறவர் யாராவது இந்தப் பக்கம் இருந்தால் வந்து எடுத்துக்கொள்ளுங்கள். இரண்டு நாள் வெயிலில் போட்டுத் தட்டி வைத்திருக்கிறேன்.