அலுவலகக் கணினிக்கு எது நம்பகமானது? விண்டோஸா? லினக்ஸா?



நம்ம பக்கம் கணினி இல்லாமல் இப்போ எந்த வேலையும் நடப்பதில்லை. மீஞ்சூர் ரயில் நிலையத்தில் டிக்கெட், இ-சேவை மையத்தில் சாதிச் சான்று, வங்கியில் பாஸ்புக் என்ட்ரி எல்லாம் கணினிதான். பழவேற்காட்டுக் குப்பங்களில் இருந்து ஒருத்தர் சான்றிதழ் வாங்க வருகிறார் என்றால், அன்று தொழிலுக்குப் போகாமல் பஸ் பிடித்து வருகிறார். "சிஸ்டம் ஹேங் ஆயிடுச்சு, நாளைக்கு வாங்க" என்றால் அவருக்கு ஒரு நாள் வருமானம் போச்சு. அதனால்தான் இந்தத் தலைப்பை எடுத்துக்கொண்டேன்.

இயங்குதளம் என்றால் என்ன?

நினைவகம், ஹார்டு டிஸ்க், கீபோர்டு, பிரிண்டர் எல்லாவற்றையும் வேலை வாங்கும் அடிப்படை மென்பொருளே இயங்குதளம் (ஆப்பரேட்டிங் சிஸ்டம்). அலுவலகங்களில் மூன்று வகை உண்டு.

1. விண்டோஸ்: மைக்ரோசாஃப்ட் நிறுவனம் 1985-ல் முதலில் வெளியிட்டது. காசு கொடுத்து உரிமம் வாங்க வேண்டும்.
2. லினக்ஸ்: 1991-ல் பின்லாந்து மாணவர் லினஸ் டோர்வால்ட்ஸ் தொடங்கியது. இதன் மூல நிரலை யாரும் படிக்கலாம், திருத்தலாம். உபுண்டு, டெபியன் போன்றவை இலவசம்.
3. மேக்: ஆப்பிள் கணினிகளுக்கு மட்டும். விலை அதிகம் என்பதால் நம்ம ஊர் அலுவலகங்களில் காண்பது அரிது.

வைரஸ் வந்தால்?

2017 மே மாதம் 'வான்னாகிரை' என்ற வைரஸ் சுமார் 150 நாடுகளில் 2 லட்சத்துக்கும் மேற்பட்ட விண்டோஸ் கணினிகளைத் தாக்கியது. கோப்புகளைப் பூட்டிவிட்டு, திறக்கப் பணம் கேட்டது. இங்கிலாந்தில் மருத்துவமனைகளே தடுமாறிப் போயின. இதில் கவனிக்க வேண்டியது என்னவென்றால், அந்த ஓட்டையை அடைக்கும் அப்டேட்டை மைக்ரோசாஃப்ட் மார்ச் மாதமே கொடுத்துவிட்டது! அப்டேட் போடாதவர்கள்தான் மாட்டிக்கொண்டார்கள்.

அப்போ லினக்ஸில் ஆபத்தே இல்லையா? இருக்கிறது. 2024 மார்ச்சில் லினக்ஸில் பயன்படும் 'எக்ஸ்இஸட்' என்ற சிறு மென்பொருளில் யாரோ திருட்டுக் கதவு வைத்தது தெரிய வந்தது. ஆண்ட்ரஸ் ஃபிராய்ண்ட் என்ற பொறியாளர், லாகின் ஆக அரை நொடி அதிகமாகிறதே என்று தோண்டிப் பார்த்துக் கண்டுபிடித்தார். நிரல் திறந்திருந்ததால் அவரால் உள்ளே போய்த் தேட முடிந்தது.

அப்டேட் போட்டால் மட்டும் போதுமா?

போதாது. 2024 ஜூலை 19 அன்று கிரவுட்ஸ்டிரைக் நிறுவனத்தின் பாதுகாப்பு மென்பொருளுக்கு வந்த தவறான அப்டேட்டால் உலகம் முழுவதும் சுமார் 85 லட்சம் விண்டோஸ் கணினிகள் நீலத் திரையோடு நின்றன. நம் நாட்டு விமான நிலையங்களில் போர்டிங் பாஸைக் கையால் எழுதிக் கொடுத்தார்கள். எனவே எல்லாக் கணினியிலும் ஒரே நேரத்தில் அப்டேட் போடாமல், முதலில் ஒன்றிரண்டில் போட்டுப் பார்ப்பது நல்லது.

கரண்ட் போனால்?

இது நமக்கு ரொம்ப முக்கியம். இன்றைய விண்டோஸும் லினக்ஸும் வட்டில் செய்யப்போகும் மாற்றத்தை முதலில் ஒரு குறிப்பில் எழுதிக்கொண்டு, பிறகுதான் உரிய இடத்தில் மாற்றும். ஏலக் கணக்கைச் சின்ன நோட்டில் குறித்துவிட்டு அப்புறம் பேரேட்டில் ஏற்றுவது மாதிரி. இதனால் நடுவில் கரண்ட் போனாலும் வட்டின் அமைப்பு பெரும்பாலும் தப்பிக்கும். ஆனால் சேமிக்காமல் தட்டச்சு செய்தது போனது போனதுதான். இதற்கு யு.பி.எஸ். வேண்டும். இந்தப் பரீட்சையில் இருவருக்கும் சம மதிப்பெண்.

தமிழ்நாட்டில் நடந்தது

சுமார் 2007-ல் தமிழக அரசின் எல்காட் நிறுவனம், உமாசங்கர் ஐ.ஏ.எஸ். தலைமையில் சூசே லினக்ஸுக்கு மாறியது. செலவு குறைவு, வைரஸ் தொல்லை குறைவு என்பவை காரணங்கள். ஆனால் எல்லா அலுவலகமும் மாறிவிடவில்லை. டேலி போன்ற கணக்கு மென்பொருள் விண்டோஸுக்கானது. சில பிரிண்டர்களும் கைரேகைக் கருவிகளும் விண்டோஸில்தான் ஒழுங்காக ஓடும். 'வானவில்' போன்ற பழைய எழுத்துருக்களில் அடித்த தமிழ்க் கோப்பும் வேறு கணினியில் திறந்தால் புரியாத எழுத்தாக வரும். 2010-ல் தமிழக அரசு யூனிகோடை ஏற்ற பிறகு இந்தச் சிக்கல் குறைந்தது.

உங்களுக்குத் தெரியுமா?

★ 2011 செப்டம்பர் 15 அன்று நம் திருவள்ளூர் மாவட்டம் காக்களூரில் தொடங்கிய இலவச மடிக்கணினித் திட்டத்தில் விண்டோஸ், 'பாஸ்' லினக்ஸ் இரண்டுமே இருந்தன. 'பாஸ்' இந்திய அரசின் சி-டாக் நிறுவனம் உருவாக்கியது.
★ 2017 நவம்பர் முதல் உலகின் முதல் 500 சூப்பர் கணினிகளும் லினக்ஸில்தான் ஓடுகின்றன.
★ ஆண்ட்ராய்டு போனின் உள்ளே இருப்பதும் லினக்ஸ்தான். கடலுக்குப் போகும் அண்ணன்மார் கையிலும் அது இருக்கிறது!

முடிவாக

பிரௌசரும் தட்டச்சும் மட்டும் போதும் என்ற அலுவலகத்துக்கு லினக்ஸே என் தேர்வு. டேலி, கைரேகைக் கருவி வேண்டுமென்றால் விண்டோஸ், ஆனால் உரிமத்தோடும் அப்டேட்டோடும். திருட்டு சி.டி.யில் போட்ட விண்டோஸ்தான் எல்லாவற்றிலும் மோசம். எதுவானாலும் கோப்புகளுக்கு வேறொரு வட்டில் நகல் வேண்டும். பக்கத்தில் ரிப்பேர் தெரிந்த ஒருவரும் வேண்டும். நடுக்கடலில் எஞ்சின் நின்றால், கம்பெனிப் பெயரா வந்து இழுக்கும்?

இன்னொன்று. விண்டோஸ் 10-க்கான வழக்கமான ஆதரவு 2025 அக்டோபர் 14-ல் முடிந்துவிட்டது. பல பழைய கணினிகள் விண்டோஸ் 11-ஐ ஏற்காது. அவற்றை மூலையில் போடாமல் லினக்ஸ் போட்டுப் பார்க்கலாம். நம் பள்ளியிலேயே ஒன்றில் தொடங்கலாமே என்று ஆசிரியர்களைப் பணிவோடு கேட்டுக்கொள்கிறேன்.



இப்படிக்கு,
ஒன்பதாம் வகுப்பு மாணவி