விட்டுக்கொடுப்பதில் தொடங்கும் ஒருமை



கிறிஸ்தவ விசுவாசம் தனி ஜெபத்திலும் வேத வாசிப்பிலும் வேர்விடுகிறது என்றாலும், அது சோதிக்கப்படுவதும் முதிர்ச்சி அடைவதும் சபையில்தான். சபை என்பது ஓர் ஊரில் ஒன்றுகூடி வழிபடும் விசுவாசிகளையும், திருச்சபை என்பது அத்தகைய பல சபைகள் இணைந்த பெரும் அமைப்பையும் இக்கடிதத்தில் குறிக்கும். சபையில் அன்பும் ஒருமைப்பாடும் வேண்டும் என்பதை மறுப்பவர் எவருமில்லை. ஆயினும் அவை எதிலிருந்து தொடங்குகின்றன என்பதைக் குறித்துத் தெளிவு குறைவாகவே உள்ளது. ஒவ்வொருவரும் தமக்குரிய உரிமை, பழக்கம், முன்னிடம் ஆகியவற்றில் ஏதேனும் ஒன்றைப் பிறர்பொருட்டு விட்டுக்கொடுக்கும்போதுதான் ஒருமை தொடங்குகிறது என்பதைத் திருச்சபையின் வரலாறு, குறிப்பாகத் தமிழ் மண்ணில் நிகழ்ந்த வரலாறு, மீண்டும் மீண்டும் மெய்ப்பிக்கிறது.

திருமண வழிபாடுகளில் பெரிதும் வாசிக்கப்படும் அன்பின் அதிகாரம், அதாவது பவுல் கொரிந்தியருக்கு எழுதிய முதல் நிருபத்தின் 13-ஆம் அதிகாரம், மணமக்களை நினைத்து எழுதப்பட்டதன்று. கட்சிகளாகப் பிரிந்து, வழக்கு மன்றங்களுக்குச் சென்று, யாருடைய வரம் பெரிது என்று வாதிட்டுக்கொண்டிருந்த ஒரு சபைக்கே அது எழுதப்பட்டது. அதே நிருபத்தின் 11-ஆம் அதிகாரம், கர்த்தருடைய பந்திக்கென்று கூடிய வேளையில் வசதி படைத்தோர் முந்திக்கொண்டு உண்டு களித்ததையும், இல்லாதோர் பசியோடு நின்றதையும் கடிந்துரைக்கிறது. ஒருவருக்காக ஒருவர் காத்திருந்து உண்ண வேண்டும் என்பதே அங்குப் பவுல் தரும் தீர்வு. ஆகவே கிறிஸ்தவ அன்பு முந்திச் செல்ல வசதியுள்ளவர் காத்திருப்பது, பேச உரிமையுள்ளவர் கேட்பது போன்ற எளிய செயல்களில் உருப்பெறுகிறது.

இந்த உண்மையைத் தென்னிந்தியக் கிறிஸ்தவர்கள் பெரிய அளவில் செயல்படுத்திக் காட்டிய நிகழ்வு தென்னிந்தியத் திருச்சபையின் பிறப்பு. ஐரோப்பிய, அமெரிக்க மிஷன்கள் தங்கள் நாட்டுச் சபைப் பிரிவுகளையும் உடன் கொண்டுவந்து ஊன்றியிருந்ததால், அந்தப் பிரிவுகளுக்குக் காரணமான சச்சரவுகளில் எவ்விதப் பங்கும் இல்லாத தமிழ்க் கிறிஸ்தவர்களும் ஆங்கிலிக்கர், மெதடிஸ்டுகள், காங்கிரிகேஷனல் சபையார் என்று தனித்தனியே வழிபட நேர்ந்தது. 1919 மே மாதம் தரங்கம்பாடியில் கூடிய திருப்பணியாளர்கள், பெரும்பாலும் இந்தியர்கள், இந்நிலை தங்கள் சாட்சியைப் பலவீனப்படுத்துகிறது என்று கண்டு, இணைப்புக்கு அழைப்பு விடுத்து ஓர் அறிக்கை வெளியிட்டனர். அவர்களுள் முன்னின்றவர் திருநெல்வேலிச் சீமையின் வெள்ளாளன்விளையில் 1874-இல் பிறந்து, 1912-இல் தோர்ணக்கல்லின் பேராயராகி, ஆங்கிலிக்கத் திருச்சபையின் முதல் இந்தியப் பேராயர் என்று பெயர்பெற்ற வே.ச. அசரியா ஆவார்.

அந்த அழைப்பு நிறைவேற 28 ஆண்டுகள் ஆயின. 1945-இன் தொடக்கத்தில் மறைந்த அசரியா அதைக் காணவில்லை. நாடு விடுதலை பெற்று ஆறு வாரங்கள் கடந்து, 1947 செப்டம்பர் 27 அன்று சென்னைப் புனித ஜார்ஜ் பேராலயத்தில், நான்கு ஆங்கிலிக்கப் பேராயங்களும், மெதடிஸ்டு சபையின் தென்னிந்திய மாகாணமும், 1908-இல் காங்கிரிகேஷனல், பிரெஸ்பிட்டேரியன் சபைகள் சேர்ந்து உருவான தென்னிந்திய ஐக்கிய சபையும் ஒரே திருச்சபையாயின. பேராயம் என்பது ஒரு பேராயரின் கண்காணிப்பில் உள்ள பல சபைகளின் தொகுதியாகும்.

இந்த இணைப்பில் எவரும் வெறுங்கையோடு வரவில்லை. எதையும் இழக்காமலும் வரவில்லை. பேராயர் இல்லாமலே சபையை நடத்திப் பழகிய காங்கிரிகேஷனல், பிரெஸ்பிட்டேரியன் சபையார் பேராயர் பதவியை ஏற்றுக்கொண்டனர். பேராயரின் கைகளால் அருட்பொழிவு (குருப்பணிக்கு ஏற்படுத்தும் சடங்கு) பெற்றவரே குருவானவர் என்று கருதிவந்த ஆங்கிலிக்கர், ஏனைய சபைகளின் போதகர்களை மறு அருட்பொழிவு இன்றியே உடன் குருக்களாக ஏற்றுக்கொண்டதோடு, உலக ஆங்கிலிக்க அமைப்போடு தங்களுக்கு இருந்த நிர்வாகப் பிணைப்பையும் துறந்தனர். இனிவரும் அருட்பொழிவுகள் பேராயராலேயே நிகழும் என்ற விதியும், ஒரு சபையாரின் மனச்சாட்சிக்கு ஒவ்வாத வழிபாட்டு முறையையோ ஊழியத்தையோ அவர்கள்மேல் திணிப்பதில்லை என்ற உறுதிமொழியும் இணைப்பின் விதிமுறைகளில் இடம்பெற்றன. ஒரு தரப்பு முழுவதும் வென்று மறுதரப்பு முழுவதும் பணிந்திருந்தால் அது சேர்க்கையாக இருந்திருக்குமே தவிர ஒருமையாக இருந்திருக்காது.

புதிய திருச்சபை 1950-இல் உருவாக்கிய திருவிருந்து வழிபாட்டு முறையில், கேரளத்துச் சிரியன் கிறிஸ்தவ மரபிலிருந்து எடுத்துக்கொண்ட சமாதானப் பரிமாற்றம் இடம்பெற்றது. திருவிருந்து என்பது இயேசுவின் மரணத்தை நினைவுகூர்ந்து அப்பத்திலும் இரசத்திலும் பங்குகொள்ளும் வழிபாடு. அதில், மேடையில் தொடங்கும் சமாதானம் ஒவ்வொருவரின் கைகளிலிருந்தும் அடுத்தவரின் கைகளுக்குள் கடந்து கடைசி வரிசைவரை செல்கிறது. பின்னாளில் உலகின் பல திருச்சபைகள் இம்முறையை மீட்டெடுத்தபோது, தென்னிந்திய முன்மாதிரி அவற்றுக்குத் துணைநின்றது. கத்தோலிக்கரும் சீர்திருத்தச் சபையாரும் சேர்ந்து உழைத்து 1995-இல் வெளியிட்ட திருவிவிலியப் பொது மொழிபெயர்ப்பும் இதே திசையில் எடுத்துவைக்கப்பட்ட ஓர் அடியாகும்.

எனினும் 1947-இன் நிகழ்வு சபைப் பிரிவுகளை இணைத்ததே அன்றிச் சாதிப் பிரிவுகளைக் கரைக்கவில்லை என்பதை நேர்மையுடன் ஏற்க வேண்டும். கல்கத்தாப் பேராயர் டேனியல் வில்சன் 1833-இலேயே வழிபாட்டிலும் திருவிருந்திலும் சாதி வேறுபாடு கூடாதென்று கட்டளையிட்டபோது, தஞ்சாவூரிலும் சென்னை வேப்பேரியிலும் பலர் சபையைவிட்டே விலகினர். நெல்லைச் சீமையின் வடக்கன்குளத்தில், ஒரே பீடத்தை நோக்கி இரு கூடங்கள் பிரிந்து நிற்குமாறு கத்தோலிக்க ஆலயம் ஒன்று எழுப்பப்பட்டு, இரு சாதியார் தனித்தனியே அமர்ந்தனர். இடையிலிருந்த தடுப்பு 20-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் அகற்றப்பட்டபோது வழக்கு நீதிமன்றம்வரை சென்றது. தமிழகத்தின் சில ஊர்களில் கிறிஸ்தவர்களின் கல்லறைத் தோட்டங்கள் இன்றும் சாதிவாரியாகப் பிரிந்து கிடக்கின்றன. இத்தகைய பிரிவினைக்கு முன்னால் இருதரப்பும் சமமாக விட்டுக்கொடுக்க வேண்டும் என்பது நீதியாகாது. முன்னிடத்தை அனுபவித்தவரே அதை விட்டு இறங்க வேண்டும், ஒடுக்கப்பட்டவரிடம் பொறுமையை மட்டும் போதிப்பது அன்பாகாது.

இதற்கு வழிகாட்டும் நிகழ்வொன்று அப்போஸ்தலர் நடபடிகளின் 6-ஆம் அதிகாரத்தில் உள்ளது. எருசலேம் சபையில் கிரேக்க மொழி பேசிய விதவைகள் அன்றாட உணவுப் பங்கீட்டில் கவனிக்கப்படாமற்போனதாக முறையீடு எழுந்தபோது, பங்கீட்டைக் கவனிக்க ஏழு பேர் தெரிந்தெடுக்கப்பட்டனர். அந்த எழுவரின் பெயர்களும் கிரேக்கப் பெயர்களே. எபிரெய மொழி பேசிய பெரும்பான்மையினர், குறைபட்டவர்களுக்கு ஆறுதல் சொல்லி அனுப்பிவிடாமல், பங்கிடும் பொறுப்பையே அவர்களின் தரப்பினர் கையில் ஒப்படைத்தனர் என்று இதிலிருந்து கொள்ளலாம்.

அத்திப்பட்டில் வாழும் இளைஞருக்கு இச்செய்தி தொலைதூரத்ததன்று. வடசென்னை அனல்மின் நிலையமும் காமராசர் துறைமுகமும் கும்மிடிப்பூண்டி வரை நீளும் தொழிற்பேட்டைகளும் தமிழகத்தின் தென்மாவட்டத்தவரையும், ஒடிசா, பீகார், மேற்கு வங்காளம் முதலிய மாநிலத்தவரையும் இங்குக் கொண்டுவந்து சேர்த்துள்ளன. மூன்று ஷிப்டுகளில் வேலை செய்வோர்க்கு ஞாயிற்றுக்கிழமைக் காலை ஓய்வுநேரமாக இருப்பதில்லை. ஒப்பந்தத் தொழிலாளிக்குப் பேசத் தெரிந்த மொழியில் பாடல் ஒலிப்பதில்லை. புதிதாக வந்தவர் பல மாதங்கள் ஆலயத்தின் கடைசி வரிசையிலேயே அமர்ந்து திரும்புகிறார். இங்கு ஷிப்டு முடித்து வருவோர்க்கென மாலையில் ஒரு வழிபாடு தொடங்குவது, ஒரு வேதபாடத்தை இந்தியிலோ ஒடியாவிலோ அம்மொழியாரைக் கொண்டே வாசிப்பிப்பது, வாலிபர் சங்கத்தின் பொறுப்புகளில் சிலவற்றைப் புதியவர்களிடம் கொடுப்பது ஆகியவை பெரும்பொருள் வேண்டாத காரியங்கள். ஏற்கெனவே இடம்பிடித்தவர்கள் சிறிது நகர்ந்து இடம் விடுவதே அவற்றுக்குப் போதுமானது.

ஒருமைப்பாடு என்பது கருத்து வேறுபாடே இல்லாத நிலையன்று. பெந்தெகொஸ்தே நண்பரும் கத்தோலிக்க நண்பரும் லுத்தரன் நண்பரும் தத்தம் நம்பிக்கைகளில் உறுதியாக இருந்துகொண்டே, நோயுற்றவரைக் காணவும், துக்க வீட்டில் துணைநிற்கவும், பள்ளிப் பிள்ளைகளுக்கு மாலைநேரத்தில் பாடம் சொல்லவும் கூடலாம். தவறு நடந்தால் அதை மறைப்பதும் ஒருமையன்று. சபைக் கணக்கைக் கேட்பவரும் நிர்வாகத் தேர்தலில் நேர்மை கோருபவரும் பிரிவினைக்காரர் ஆகார். ஆனால் கேட்கும் கேள்வி எதிராளியை அவமதிக்கும் நோக்கமின்றி, அவரைத் திரும்பவும் சகோதரராகப் பெறும் நோக்கத்தோடு கேட்கப்பட வேண்டும். மத்தேயு சுவிசேஷத்தின் 18-ஆம் அதிகாரம், குற்றம் செய்த சகோதரரிடம் முதலில் தனிமையில் பேசச் சொல்வதும் இந்நோக்கத்தினாலேயே.

ஆகவே, அன்புள்ள இளம் வாசகரே, தரங்கம்பாடியில் கூடியவர்கள் தொடங்கிவைக்க, 28 ஆண்டுகளில் நிறைவேறிய பணியின் மறுபாதி இன்னும் முடியவில்லை, அது உம் தலைமுறையின் கையில் இருக்கிறது. வரும் ஞாயிறு ஆலயத்துக்குச் செல்லும்போது, கடைசி வரிசையில் தனித்திருப்பவரின் பெயரைக் கேட்டு அறிந்து, அவர் அருகில் அமரும். சாதியின் பெயரால் ஒருவரை ஒதுக்கும் வழக்கம் உமது சபையில் எவ்வடிவில் இருந்தாலும், அதனால் பயன்பெறுபவராக நீரே இருந்தாலும், அதை ஏற்க மறுத்துவிடும். உமது விசுவாசத்தை அத்திப்பட்டு அறிந்துகொள்ளப்போவது அதிலிருந்துதான்.

கிறிஸ்துவின் அன்பில்,
நலம் நாடும் ஒரு மூத்த விசுவாசி