பாறையேற்றப் பயிற்சியில் முதற் பாடம்

கர்நாடகத்து இராமநகரக் குன்றுகளில் பாறையேறப் பழகுவோர் பலர். அங்கே இராமதேவர பெட்டா, செங்குத்துப் பாறைகளில் கூடுகட்டும் கருங்கழுத்துப் பாறுகளின் பொருட்டு 2012இல் சரணாலயமாக்கப்பட்டது. கால்நடைகளுக்கு இட்ட டைக்ளோபினாக் மருந்தினால் நாடெங்கும் இப்பறவைகள் மாண்டன. 2006இல் கால்நடை மருத்துவத்தில் அம்மருந்து விலக்கப்பட்டது. ஆயினும், ஆண்டுக்கு ஒரே முட்டையிடும் பறவை விரைவிற் பெருகுமா? மனிதர் நெருங்கினால் தாய் எழுந்து பறக்கும். முட்டை வெயிலிற் கிடக்கும்.

ஆகவே ஆசிரியர் கயிற்றை எடுக்குமுன் தொலைநோக்கியை எடுத்தல் வேண்டும். எச்சத்தின் வெண்கறை படிந்த விளிம்புகளை மாணவர் தூரத்திலிருந்தே குறித்துக்கொள்க. (ஏறுவோர் கையிற் பூசும் மக்னீசியப் பொடியும் வெண்கறை இடுவதே, எச்சக்கறையோ விளிம்பிலிருந்து கீழ்நோக்கி வழிந்திருக்கும்.) முட்டையிடும் நவம்பர் தொடங்கிக் குஞ்சு பறக்கும் வரையில் அவ்வழியே ஏறலாகாது. சரணாலயத்திற்குப் புறத்தேயுள்ள பாறைகளுக்கும் இதுவே முறை.