டெஸ்டர் எரிந்தால் போதாது

அன்புள்ள தம்பிக்கு,

மணமேல்குடியில் ரிப்பேர் கடை திறந்திருக்கிறாய் என்று கேட்டு மனசு நிறைந்தது. ஐப்பசி, கார்த்திகை அடைமழையில் நம் கரையில் துணி காயாது. அப்போதுதான் "டிரையர் ஓடலண்ணே" என்று போன் வரும். செமி ஆட்டோமேட்டிக் என்றால், துவைக்கிற பக்கம் ஓடுகிறதா என்று போனிலேயே கேட்டுவிடு. ஓடினால் குறை டிரையர் பக்கம்தான்: மூடி சுவிட்ச், டைமர், கெபாசிட்டர், மோட்டார். இரண்டு பக்கமும் செத்துக் கிடந்தால் முதலில் பிளக் பாயிண்டைப் பார்.

அங்கேதான் பலர் ஏமாறுகிறார்கள். நியூட்ரல் விட்டுப்போயிருந்தாலும் பேஸில் வைத்த டெஸ்டர் பளிச்சென்று எரியும். அதை நம்பி, நல்ல மோட்டாரைக் கழற்றிவிடுவார்கள். நீ மல்டிமீட்டரை வை. பேஸுக்கும் நியூட்ரலுக்கும் நடுவே 230 வோல்ட்டை ஒட்டிக் காட்ட வேண்டும். அங்கே காட்டாமல் பேஸுக்கும் எர்த்துக்கும் மட்டும் காட்டினால், நியூட்ரல் எங்கோ விட்டிருக்கிறது. மெயினை அணைத்து சாக்கெட்டைக் கழற்று. உப்புக்காற்றில் பித்தளை முனை பச்சையாகப் பூத்திருக்கும், ஸ்க்ரூ தளர்ந்து வயரின் தோல் கருகியிருக்கும். சுரண்டி முறுக்கிவிட்டு வராதே. செம்பு பளபளக்கும் இடம்வரை வெட்டி, புது 16 ஆம்பியர் சாக்கெட் போடு.

பாயிண்ட் சரியாக இருந்தால், பிளக்கைப் பிடுங்கிவிட்டு மெஷினின் பின்மூடியைக் கழற்று. அடிப்பக்கம் திறந்த மெஷினில் எலி புகுந்து வயரைக் கடித்திருக்கும், அதை முதலில் தேடு. கெபாசிட்டரில் மின்சாரம் தங்கியிருக்கும், ரெசிஸ்டர் வைத்து இறக்கிவிட்டே கை வை. 2018 நவம்பரில் அடித்த கஜா மாதிரி ஒரு புயலில் தண்ணீர் புகுந்த மெஷின் வந்தால், நன்றாகக் காயவைத்து மெக்கரில் இன்சுலேஷன் பார்க்காமல் கரண்ட் கொடுக்காதே.

மூடி சுவிட்ச் போயிருந்தால், "டைரக்ட் பண்ணிக் குடுங்க தம்பி" என்று கேட்பார்கள். யார் கேட்டாலும் செய்யாதே. சுற்றுகிற டிரம்மில் ஈரத்துணி ஒரு பிள்ளையின் கையைச் சுருட்டி இழுக்க ஒரு நொடி போதும்.

குறை சாக்கெட்டில் மட்டும்தான் என்றால் அந்த வேலைக்கு மட்டும் காசு வாங்கு. பாகம் மாற்றினால் பழையதை வீட்டுக்காரர் கையில் கொடு. எர்த் இல்லாத வீட்டில் மெஷினை ஓடவிட்டு வந்துவிடாதே தம்பி. எர்த் போட்ட பிறகு கூப்பிடச் சொல், மறுபடி போய் ஓட்டிக் காட்டு.

அன்புடன்,
அண்ணன்